குன்னூர் ஊசி

கொங்கு நாட்டுக் கிராமங்களில் என் தலைமுறையினர் சிறுவர்களாக இருந்தபோது, தெருவில் ஒரு நாய் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நேர்க்கோட்டில் ஓடிவந்தால் பெரியவர்கள் எங்களைத் திண்ணைமேல் ஏற்றிவிடுவார்கள். நாய் போன பிறகு ஒரு பெயர் காதில் விழும். அது நாயின் பெயரன்று, நோயின் பெயருமன்று, ஓர் ஊரின் பெயர். “கடிச்சிருந்தாக் குன்னூருக்கல்லவா போயிருக்கோணும்!” என்பார்கள். நீலகிரியில் தேயிலைக்கும் குளிருக்கும் பெயர்பெற்ற ஊர், சமவெளியில் வாழ்ந்த எங்களுக்கு நாய்க்கடியின் மறுபெயராக இருந்தது. அது ஏன் அப்படி ஆயிற்று என்பதைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

வெறிநாய்க்கடி நோயைப் பற்றிய அறிவு நம் நாட்டுக்குப் புதியதன்று. சுசுருதர் தம் நூலின் கல்பஸ்தானத்தில் வெறிபிடித்த விலங்கின் அடையாளங்களைக் கூறி, கடிபட்டவன் நீரைக் கண்டு அஞ்சத் தொடங்கினால் அவன் பிழைப்பதில்லை என்று முடிவாகச் சொல்லியிருக்கிறார். கடித்த இடத்தைப் பிழிந்து இரத்தத்தை வெளியேற்றி, காய்ச்சிய நெய்யால் சுடும்படி அவர் விதித்தார். முறை கொடியதுதான். ஆயினும் நஞ்சு புண்ணில் தங்கியிருக்கும்போதே அதை அழித்துவிடவேண்டும் என்ற கருத்து அதில் இருக்கிறது. பின்னாளில் நம் ஊர்களில் வழங்கிய கைவைத்தியத்தில் அந்தக் கருத்தும் மறைந்துபோய், சூடு மட்டும் மிஞ்சியது. கடிவாயில் மிளகாய்ப்பொடியை அப்புவதும் சுண்ணாம்பைத் தடவுவதும் மந்திரித்துக் கயிறு கட்டுவதும் இன்றுவரை முற்றாக ஒழிந்தபாடில்லை.

இந்த நோயின் போக்கைத் தெரிந்துகொண்டாலன்றி இதன் வரலாறு விளங்காது. பாம்பின் நஞ்சு இரத்தத்தில் கலந்து விரைந்து வேலை செய்வது. வெறிநோய்க் கிருமியோ இரத்தத்தை நம்புவதில்லை. வெறிகொண்ட விலங்கின் உமிழ்நீரோடு புண்ணில் இறங்கி, தசையில் சிலகாலம் தங்கி, பின்பு நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஊர்கிறது. காலில் கடித்தால் வழி நீளம். முகத்தில் கடித்தால் வழி குறைவு. பெரும்பாலோர்க்குக் கடிக்கும் நோய்க்குறிக்கும் இடையே ஒன்று முதல் மூன்று மாதம் செல்கிறது. சிலருக்குச் சில நாட்களே. அரிதாகச் சிலருக்கு ஓராண்டும் கடந்துவிடுகிறது. மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எல்லாரும் இறந்துபோகிறார்கள். உலகம் முழுவதிலும் அதற்குப் பின் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால், கடிக்கும் நோய்க்கும் நடுவிலுள்ள அந்த இடைவேளையே மனிதனுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. அந்த இடைவேளையில் மருந்து இருக்கும் இடத்துக்குக் கடிபட்டவன் போய்ச் சேரவேண்டும். அல்லது மருந்து அவனிடம் வந்து சேரவேண்டும். இந்த நோயின் வரலாறு பெரும்பாலும் வழிப்பயண வரலாறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பயணங்களில் முதலாவது 1885ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிகழ்ந்தது. அல்சேஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை 4ஆம் தேதி நாய் கடித்துக் குதறியது. தாய் அவனை அழைத்துக்கொண்டு பாரிஸுக்குப் போனாள். அங்கே லூயி பாஸ்டர் என்ற இரசாயன அறிஞர் வெறிநோய்க்கு ஏதோ ஆராய்ச்சி செய்கிறார் என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும். பாஸ்டர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். ஊசிபோடும் உரிமைகூட அவருக்கில்லை. வெறிநோய் ஏற்றிய முயல்களின் முதுகுத்தண்டு நரம்பை, ஈரத்தை உறிஞ்சும் காஸ்டிக் பொட்டாஷ் இட்ட கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தினால் அதன் கொடுமை நாளுக்கு நாள் தணிகிறது என்று அவர் கண்டிருந்தார். மிக உலர்ந்ததில் தொடங்கி, நாள்தோறும் சற்றுக் குறைவாக உலர்ந்ததை ஏற்றிக்கொண்டே போகவேண்டும். கடைசி ஊசியில் செல்வது ஏறக்குறைய முழு வீரியமுள்ள கிருமி! 6ஆம் தேதி மாலை டாக்டர் கிரான்ஷே முதல் ஊசியைப் போட்டார். பத்து நாட்களில் பதின்மூன்று ஊசிகள். பையன் பிழைத்துக்கொண்டான்.

மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் ருஷியாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியிலிருந்து பத்தொன்பது குடியானவர்கள் பாரிஸில் வந்து இறங்கினார்கள். வெறிகொண்ட ஓநாய் கடித்தவர்கள் அவர்கள். ஐரோப்பாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அவர்கள் வந்துசேர இரண்டு வாரம் ஆகிவிட்டது. பதினாறு பேர் உயிருடன் ஊர் திரும்பினார்கள்; மூவர் மாண்டார்கள். இந்தப் பதினாறைப் பார்த்து உலகம் வியந்தது. மூன்றைப் பார்த்துத்தான், மருந்து இன்னும் அருகில் இருக்கவேண்டும் என்ற எண்ணம் பல நாடுகளில் பிறந்திருக்கும் என்று நான் கருதுகிறேன். 1888இல் பாரிஸில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது; அதன் பெயரைத் தாங்கிய நிலையங்கள் வேறு நாடுகளிலும் எழத் தொடங்கின.

இந்தியாவில் கடிபட்ட வெள்ளைச் சிப்பாய்களை முதலில் கப்பலேற்றிப் பாரிஸுக்கே அனுப்பிவந்தார்கள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. 1900ஆம் ஆண்டில் சிம்லாவுக்கு அருகே கசௌலி மலையில் முதல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. டேவிட் செம்ப்பிள் அதன் தலைவர். பஞ்சாப்காரருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அவிநாசியிலோ தாராபுரத்திலோ கடிபட்டவன் கசௌலிக்குப் போவதென்பது நடக்கக்கூடிய காரியமா? 1902இல் தென்னாட்டில் ஓர் ஆங்கிலேய இளம்பெண் வெறிநோயால் இறந்துபோனாள். நம் மக்கள் இந்நோயால் இறந்துகொண்டிருந்தது அதற்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. ஆயினும் அந்த ஒரு மரணம் ஆள்வோரை அசைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். எஃகுத் தொழிலில் கார்னிஜியின் கூட்டாளியாயிருந்து பெரும்பொருள் ஈட்டிய ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர், இந்தியாவின் நன்மைக்கென்று கர்சன் பிரபுவிடம் ஒரு தொகை அளித்திருந்தார். பிகாரில் பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது அந்தப் பணத்தில்தான். அதே கொடையில் ஒரு பகுதி தெற்கே வந்தது. 1907 ஏப்ரல் 6ஆம் தேதி குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் வேலையைத் தொடங்கிற்று.

ஏன் குன்னூர் என்று கேட்கலாம். உலர்த்திய நரம்பை வைத்து மருந்து செய்யும் முறைக்கு வெப்பம் பகை. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் மலையே குளிர்பதனப் பெட்டி. கசௌலியைத் தேர்ந்ததும் அதனால்தான். மேலும், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கர ரயில் 1899இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. மலை ரயில் துரைமார்கள் கோடைக்கு ஏறுவதற்காகப் போடப்பட்டதென்றே எல்லாரும் எண்ணுகிறோம். அதே வண்டியில், கையிலும் காலிலும் துணி சுற்றிய நாட்டுப்புறத்தார் வாய்பேசாமல் உட்கார்ந்துகொண்டு ஏறியதைப் பற்றி ஒருவரும் எழுதிவைக்கவில்லை போலும்.

என் தாய்வழிப் பாட்டனார், எங்கள் வழக்கில் அப்பிச்சி, அப்படி ஏறியவர்களுள் ஒருவர். அவர் கடிபட்டவரல்லர்; கடிபட்ட பங்காளி ஒருவருக்குத் துணையாகப் போனவர். அப்போது திருப்பூரில் பனியன் இல்லை. பருத்திச் சந்தையும் பஞ்சரைக்கும் ஆலைகளும்தான் ஊரின் உயிர். அப்பிச்சி அப்படியோர் அரைவை ஆலையில் மூட்டை எண்ணும் வேலையில் இருபது வயது இளைஞராக இருந்தார். ஆலைவாசலில் படுத்திருந்த நாய் பங்காளியின் கெண்டைக்காலைப் பற்றிவிட்டது. மூன்றாம் நாள் நாய் செத்ததும் ஊரார் பணம் திரட்டினார்கள். போத்தனூரில் வண்டி மாறி, மேட்டுப்பாளையத்தில் மறுபடி மாறி, குன்னூர் போய்ச் சேர்ந்தபோது, போர்த்திக்கொள்ள இருவருக்கும் ஒரே துப்பட்டிதான் இருந்ததாம். கடைவீதிக்குப் பின்னால் ஓர் ஓட்டுவீட்டில் மலையாளத்தார் இருவரோடும் ஒரு தெலுங்குக் குடும்பத்தோடும் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு இரண்டு வாரம் தங்கினார்கள். காலையில் வரிசையில் நின்று வயிற்றில் ஊசி. பிறகு அன்று முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது. “யாரு தண்ணி குடிக்கறாங்க, யாரு குடிக்கலைன்னு பாத்துக்கிட்டே இருப்போம்” என்று அப்பிச்சி சொல்வார். தெலுங்குக் குடும்பத்தில் முகத்தில் கடிபட்ட ஒரு குழந்தை இருந்தது. அவர்கள் தாமதித்து வந்தவர்கள். அந்தக் குழந்தையைப் பற்றி மேலே கேட்டால் அப்பிச்சி பேச்சை மாற்றிவிடுவார். பங்காளி எழுபது வயதுவரை வாழ்ந்தார்.

ஏழை நோயாளிகளின் ரயில் செலவைத் தலஸ்தாபனங்கள் ஏற்பதற்கு ஏற்பாடுகள் இருந்தன. ஆனால் கடிபட்டவன் அந்தச் செய்தியை அறிந்து, கிராம முனிசீப்பைக் கண்டு, சீட்டு வாங்கி, வண்டியேற வேண்டும். கூலிக்காரன் வீட்டில் இரண்டு வாரச் சம்பாத்தியம் நிற்கும். மந்திரிப்பவரோ பக்கத்துத் தெருவில் இருக்கிறார். வெற்றிலை பாக்கும் காலணாவும் போதும். மக்கள் அறியாமையால் மந்திரவாதியிடம் போனார்கள் என்று படித்தவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அறியாமையில் பாதி, தூரம்தான்.

இந்தத் தூரத்தை முதலில் குறைத்தவர் கசௌலியின் செம்ப்பிள். பாஸ்டரின் மருந்தில் கிருமி உயிரோடு இருந்தது; அது நெடுநாள் வைத்திருக்கக்கூடியதன்று; நோயாளியே அதைத் தேடிவரவேண்டும். செம்ப்பிள் வெறிநோய் ஏற்றிய ஆட்டின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியை அறவே கொன்று மருந்தாக்கினார். 1911இல் இதை அவர் வெளியிட்டார். செத்த கிருமி புட்டியில் அடங்கிப் பயணம் செய்யும். ஆகவே நாளடைவில் குன்னூரிலிருந்து நோயாளிக்குப் பதிலாக மருந்து மலையிறங்கத் தொடங்கியது. ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கும் பின்பு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் அந்தப் புட்டிகள் வந்தன. மக்களோ அதைக் குன்னூர் ஊசி என்றே அழைத்தார்கள். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் பதினான்கு நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதை நாங்கள் வரிசையாக நின்று பார்த்திருக்கிறோம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு அவன் அழுவதை விட்டுவிட்டான்.

ஆட்டுமூளை மருந்துக்கு ஒரு பெருங்குறை இருந்தது. மூளைப்பொருளை உடலில் ஏற்றினால், உடல் அதை எதிரியென்று கண்டு எதிர்க்கும்போது தன் நரம்பையே தாக்கிவிடுவதுண்டு. சிலநூறு பேருக்கு ஒருவர் என்றும், சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்றும் இடத்துக்கு இடம் கணக்கு வேறுபட்டாலும், கை கால் விழுந்துபோன மனிதர்கள் உண்மையாகவே இருந்தார்கள். மருந்தே ஊனமாக்கும் என்ற அச்சம் ஊரில் பரவியதற்கு அது காரணம். டாக்டர்களுக்கும் இது பெரிய இக்கட்டு. கடித்த நாய்க்கு வெறி உண்டா என்று தெரியாது. ஊசி போட்டால் ஒருவேளை வாதம். போடாவிட்டால் ஒருவேளை மரணம். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்ப்பது என்ற வழக்கத்துக்கு அந்த நாளில் இவ்வளவு கனம் இருந்ததன் காரணம் இதுவே. உமிழ்நீரில் கிருமி வந்துவிட்ட நாய் பத்து நாளுக்குள் நோய் முற்றி இறந்துவிடும் என்பது அதன் அடிப்படை.

குன்னூர் வெறும் மருந்துச்சாலையாக இருந்துவிடவில்லை. ராபர்ட் மக்காரிசன் உணவுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை எலிகளைக் கொண்டு ஆராய்ந்ததும் அங்கேதான். அந்த ஆராய்ச்சி வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. வெறிநோயில் டாக்டர் வீரராகவனின் தலைமையில் குன்னூர் உலகறிந்த இடமாயிற்று. 1952இல் உலக சுகாதார ஸ்தாபனம் பல நாட்டு விஞ்ஞானிகளைக் கூட்டி வெறிநோய்ப் பயிற்சி நடத்தியது இந்தக் குன்னூரில்தான்.

இதற்கிடையே ஈரான் நாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. 1954இல் ஒரே இரவில் ஓர் ஓநாய் ஒரே ஊரில் இருபத்தொன்பது பேரைக் கடித்தது. தலையில் கடிபட்டவர்களில் தடுப்பு மருந்து மட்டும் பெற்ற ஐவரில் மூவர் இறந்தனர். மருந்தோடு, கிருமியை உடனே எதிர்க்கும் சீரமும் பெற்ற பதின்மூவரில் ஒருவர் மட்டுமே இறந்தார். காரணம் எளிது. தடுப்பூசி உடலுக்குப் போர் கற்பிக்கிறது. கற்றுக்கொள்ள ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சீரமோ ஆயத்தமாக வந்த காவற்படை. முகத்துக்கும் மூளைக்கும் இடையே தூரம் குறைவாதலால் அந்த ஒரு வாரத்துக்குக் காவல் தேவைப்படுகிறது. அப்பிச்சியின் ஓட்டுவீட்டிலிருந்த குழந்தைக்கு இது கிடைத்திருக்க வழியில்லை. மறுபடியும் ஈரானில், 1976இல், உயிரணு வளர்ப்பில் செய்த புதிய தடுப்பூசியைச் சீரத்தோடு பெற்ற நாற்பத்தைந்து பேர், வெறி உறுதியான ஓநாய்களும் நாய்களும் கடித்தவர்கள், ஒருவர்கூட இறக்கவில்லை என்ற செய்தி வெளிவந்தது. அன்றே ஆட்டுமூளை மருந்தின் காலம் முடிந்தது எனலாம். ஆனால் விலையும் வழக்கமும் சேர்ந்து நம் நாட்டில் அதை இன்னும் இருபத்தெட்டு ஆண்டு நீடிக்கச் செய்தன. 2004ஆம் ஆண்டின் இறுதியில்தான் இந்தியாவில் அது நிறுத்தப்பட்டது. பணமுள்ளவர் கையில் ஐந்து ஊசியும் இல்லாதவர் வயிற்றில் பதினான்கு ஊசியுமாக நெடுங்காலம் கழிந்தது நமக்குப் பெருமை தருவதன்று.

1977இல் குன்னூர் நிலையம் தன்னாட்சி பெற்ற சங்கமாகி, இந்தியப் பாஸ்டர் நிலையம் என்று பெயர் கொண்டது. 2008இல் அதன் தடுப்பூசி உற்பத்தி உரிமம், கசௌலி, கிண்டி நிலையங்களின் உரிமங்களோடு சேர்த்து நிறுத்திவைக்கப்பட்டது, 2010இல் மீண்டது. அந்த இரண்டு ஆண்டும் நூறாண்டு நிலையத்துக்குச் சோதனைக் காலம்.

மருந்தைச் சிக்கனப்படுத்தும் வழி தாய்லாந்திலிருந்து வந்தது. தசையில் முழுப் புட்டியைச் செலுத்துவதற்கு மாறாக, தோலுக்குள் பத்தில் ஒரு மில்லிலிட்டர் வீதம் இரண்டு இடங்களில் போட்டால் போதும் என்று அங்கே கண்டார்கள். இந்தியா இதை 2006இல் ஏற்றது. ஒரு புட்டி பலருக்கு ஆயிற்று. கடிபட்ட நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை; ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.

இப்போது யாருக்கு எது வேண்டும் என்பதையும் உலக சுகாதார ஸ்தாபனம் தெளிவாக வகுத்திருக்கிறது. காயமில்லாத தோலை நாய் நக்கினால், கழுவிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இரத்தம் வராத கீறலானாலும் தடுப்பூசி வேண்டும். இரத்தம் வந்த கடிக்கும், புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டதற்கும் தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். சீரத்தைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்தவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துவிடுகிறது. நாயைக் கட்டிவைத்துப் பார்ப்பது இன்றும் உண்டு. ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடுவது இல்லை. புதிய மருந்தில் பழைய வாதபயம் இல்லையாதலால் காத்திருக்கக் காரணமும் இல்லை.

எங்கள் பக்கத்துக் குடியானவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். காங்கயம் சீமையில் மாடு உமிழ்நீர் வடித்துக்கொண்டு தீனியை விழுங்க முடியாமல் தவித்தால், தொண்டையில் பனங்கொட்டையோ கயிறோ சிக்கியிருக்கும் என்று வாயில் கைவிட்டுப் பார்ப்பது வழக்கம். அது சில வேளைகளில் வெறிநோயாக இருந்துவிடுகிறது. கையில் கீறல் இருந்தால் அதுவும் கடிக்கு நிகர்தான். ஆனால் அப்படிப்பட்ட பசுவின் காய்ச்சிய பாலைக் குடித்ததற்காக ஊரே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியதில்லை.

இன்று திருப்பூரில் பருத்திச் சந்தையின் இடத்தை பனியன் பிடித்துக்கொண்டது. பின்னலும் சாயமும் தையலுமாக இரவு பகலாக இயங்கும் ஊரில் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் நடந்துவருகிறவர் ஆயிரக்கணக்கானோர். இறைச்சிக் கடைக்கழிவும் உணவுக்கழிவும் உள்ள தெருமுனைகளில் நாய்க்கூட்டம். 2001ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு நாய்களைக் கொல்வது விடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்றாயிற்று. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்கிறார்கள். 2030க்குள் நாயால் வரும் வெறிநோயை ஒழிப்பதென்று 2021இல் மத்திய அரசு திட்டம் வகுத்தது. எழுபதை எட்டுவது எளிதன்று.

இப்போது ஒரு பிகார்க்காரப் பையனையோ ஒடிசாப் பெண்ணையோ எடுத்துக்கொள்ளுங்கள். தையல் யூனிட்டில் பீஸ் ரேட்டுக் கூலி. திங்கட்கிழமை இரவு காலில் கடி. முதல் ஊசிக்கு அரைநாள் போயிற்று. வியாழனன்று இரண்டாவதற்கு இன்னும் ஓர் அரைநாள். அடுத்த திங்களன்று மூன்றாவது. சீரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், பாஷை தெரியாது. நான்காவது ஊசிக்கு இருபத்தெட்டாம் நாள். அதற்குள் ஆர்டர் முடிந்து வேலை குறைந்திருக்கும். அல்லது சாத் பண்டிகை வந்து ரயிலேறியிருப்பார்கள். காயம் ஆறிவிட்டது, நாயும் எங்கே போயிற்றோ தெரியாது. கையிலுள்ள சீட்டில் தேதி மட்டும் எழுதியிருக்கிறது. அந்தச் சீட்டைக் காட்டினால் எந்த ஊர் அரசினர் ஆஸ்பத்திரியிலும் மிச்ச ஊசியைப் போட்டுக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு ஒருவர் அவர்கள் பாஷையில் சொல்லியிருக்கவேண்டும். கம்பெனியில் அட்டெண்டன்ஸ் எழுதும் சூபர்வைசரே அதைச் சொல்லத் தகுந்தவர். நான்கு தேதிகளையும் அட்டெண்டன்ஸ் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, அந்த நாட்களில் கூலிபிடிக்காமல் அனுப்பிவைக்கும் யூனிட்டுகள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று, அப்பிச்சி மூட்டை எண்ணிய ஆலை இருந்த அதே தெருவில் இருக்கிறது.